சொல்பேச்சுக் கேளாத சுவிட்ச்

அவையோரே, முதலில் ஒரு மாபெரும் செய்தி: நம் அலுவலக லிஃப்டின் கண்ணாடி இன்று காலை பத்து நாற்பதுக்குத் துடைக்கப்பட்டுவிட்டது. விரும்பியவர்கள் கைதட்டலாம்.

தலைமை தாங்கும் தகைசால் மேலாளர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பொறியாளர்களே, எங்கள் ஷிஃப்ட் நேரத்தை எங்களைவிடச் சரியாக நினைவில் வைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

சேர்ந்து ஐந்தே மாதமான பயிற்சிப் பொறியாளன் எனக்கு இன்று கேடயம். ஏன்? புதிய சுவிட்சைச் சரிசெய்தேனாம். என் குழுத் தலைவி அக்காவின் பதவி உயர்வோ நிறுத்திவைப்பு. ஏன்? அதே சுவிட்ச் அவர் பொறுப்பில் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டதாம்.

தாய்மார்களே, இந்த சுவிட்ச் விளக்குப் போடுவதற்கல்ல. கணினிகளுக்கிடையே தரவைக் கைமாற்றும் பெட்டி. பெட்டியும் பெட்டியும் பேசிக்கொள்ளும். "மூன்றாம் வரிசையில் வருவது முக்கியமான தரவு, நெரிசல் வந்தால் நிறுத்திப் பிடி, நழுவவிடாதே" என்று பழையது சொல்ல, புதியது கேட்டு நடக்க வேண்டும். கேட்பதா, மறுப்பதா என்பதற்கு ஒவ்வொரு பெட்டியின் அமைப்புக் குறிப்பிலும் ஒரே ஒரு வரி உண்டு.

பழையது சொன்னது. புதியது கேட்டதா? திரும்பத் திரும்பச் சொன்னது. செவி சாய்த்ததா?

"உன்ன மாதிரியேவாடா?" என்கிறார் பின்வரிசையில் என் அம்மா. ஆமாம் அம்மா, அச்சு அசல்.

புதியது தன் இஷ்டப்படி நான்காம் வரிசையைக் காத்தது, மூன்றாவதை நழுவவிட்டது. நம் வாடிக்கையாளரான மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் திறக்கவில்லை. மேலாளர் ஓடிவந்தார்.

"யாரும்மா இத செட் பண்ணது?"

"என் பொறுப்பு சார். நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றார் அக்கா.

அப்போது எழுந்தான் இந்த அஞ்சாநெஞ்சன். "அக்கா, இதுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கேக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. அறுபத்தேழாவது வரியப் பாருங்க."

வரி மாறியது. படங்கள் வந்தன. "பயலுக்குக் கண்ணு கூர்மைதான்" என்று மேலாளர் என் முதுகில் தட்டினார்.

எண்ணூறு வரிகளில் அந்த ஒற்றை வரியை எப்படிப் பிடித்தேன்? மதிநுட்பமா? மந்திரமா?

சார், கேடயத்தை இன்னும் நீட்டாதீர்கள்.

முந்தைய நாள் பழைய சுவிட்சின் அமைப்பு வரிகளை நகலெடுத்துப் புதியதில் ஒட்டியவன் நான். பழையது சொல்லும் பெட்டி. அது யார் பேச்சையும் கேட்கக் கூடாது. அந்த வரியும் கூடவே வந்துவிட்டது. "ஒவ்வொரு வரியா படிச்சுட்டுப் போடுடா" என்று அக்கா சொல்லியிருந்தார். நான் படிக்கவில்லை. முதல் அரைமணியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தார். நானும் கூடவே தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பதவி உயர்வுத் தாளில் எழுதிய குறிப்பை என் தாளுக்கு மாற்றிவிடுங்கள் சார்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். அம்மா, முறைக்காதீர்கள், நான் பக்கவாட்டுப் படி வழியாகவே இறங்கிக்கொள்கிறேன்.