முடிவை முதலில் எழுதச் சொன்னார்கள்

ஒடாஹுஹு என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி இருந்தார்கள்.

"முடிவை முதலிலை எழுதட்டாம்," என்றார் கணவர். வெங்காயத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு அவர் போட்ட திட்டத்தைப் பேராசிரியர் சிவப்பு மையால் வெட்டியிருந்தார்.

"சோழர் காலத்திலை தொடங்கினால் வெட்டாமல் மனுசன் என்ன செய்யும்? வெங்காயம் எப்ப வருது?" என்றாள் மனைவி.

"ஒன்பதாம் பக்கம்."

"நாளைக்குக் குடுக்காட்டில் விசா நீட்ட மாட்டினமப்பா. என்ன கண்டுபிடிச்சனீங்கள்? ஒரு வரியிலை சொல்லுங்கோ."

அவர் கண்ணைக் கசக்கினார்.

"நல்லாய்க் காயாமல் மூட்டை கட்டினால் வெங்காயம் அழுகும்."

"அதை முதலிலை எழுதுங்கோ. எப்பிடிப் பாத்தது, எவ்வளவு அழுகினது எண்டு பிறகு ஒவ்வொண்டாய் வரட்டும்."

எழுதினார். எழுதியதையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கோ ரெண்டு வருசம் இருந்தனாங்கள்?"

"ஓம். மற்றதையும் எழுதுங்கோ."