டேப்பின் மறுமுனை

"ஹலோ... யாரு?... மாலகியா! இருடா, ஒரு நிமிஷம் இரு. கதவு திறந்து கிடக்கு, காத்து இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல... ஆங், இப்ப சொல்லு."

ப்ரீடா சமையலறைக் கதவைக் காலால் சாத்தினாள். இரண்டு கையிலும் சோடா ரொட்டிக்குப் பிசைந்த மாவு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். காலையிலிருந்து தம்பியைப் பிடிக்கப் பார்க்கிறாள், கிடைக்கவில்லை. நகரசபைத் தேர்தலில் நிற்கிறவன் தன் வீட்டு ஆட்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறான்? இப்போது அவனாகக் கூப்பிட்டிருக்கிறான்.

"நானும் எத்தனை தடவ போட்டேன் உனக்கு... ஆமா ஆமா, வீடு வீடா ஏறி எறங்குறே, தெரியும். அதான்டா, ஒரு விஷயம்... சரி. சரி, நீயே மொதல்ல சொல்லு."

"...ம்... கூட்டம் சாயங்காலம்தானே, ஓட்டல்ல? வருவேன்... முன் வரிசையா? அங்க ஒக்காந்தா கழுத்து வலிக்குமே... சரிடா, ஒக்கார்றேன்... எந்தக் கோட்டு? அது வெளுக்கப் போட்டிருக்கு. நீலம்தான் இருக்கு."

"...கேள்வியா? பாடமாயிடுச்சுடா... இப்பவேவா?... சரி, கேளு. 'என் பேரு ப்ரீடா கெனியன். மில் தெரு, ஒம்பதாம் நம்பர். யுனிவர்சிட்டி நம்ம ஊர் வரைக்கும் வந்தா என்னை மாதிரி சாதாரணக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?'... இதுக்கு மேல சத்தமா முடியாது, உன் அத்தான் ஃபின்டன் முன் ரூம்ல படுத்திருக்கார்... ஆமாடா, பேரும் விலாசமும்தான் மொதல்ல. விலாசம் சொல்லாதவங்க கையிலேருந்து மைக்கைப் புடுங்கிடுவாங்க. வெளியூர்க்காரன் எழுந்து நின்னு பேசக் கூடாது. தெரியும், தெரியும்."

கேள்வி மாலகி எழுதிக் கொடுத்தது. பதிலும் அவனிடம் தயாராக இருந்தது. பூட்டிக் கிடக்கும் கம்பளி ஆலைக்குள் வகுப்பறைகள் வரும், வேலை வரும், பிள்ளைகள் டப்ளினுக்கு ஓட வேண்டியதில்லை. ஊரில் பாதிப்பேர் அவன் பக்கம். மீதிப்பேர் எதிர்த்து நிற்கும் வக்கீலம்மாவின் பக்கம். அந்த அம்மா ஒரே கேள்வியைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தாள்: வருகிற பசங்கள் எல்லாம் எங்கே தூங்குவார்கள்?

"மாலகி, இப்ப நான் சொல்றதைக் கேக்குறியா?... ரெண்டே நிமிஷம்... காலைல எங்க வீட்டு ஓனர் வந்தாருடா, டியர்னன்... ஆமா, உன் போஸ்டர் கட்டத்தான் வந்தார். என் ஜன்னலுக்கு நேரா, விளக்குக் கம்பத்துல... தெரியுது. ரொம்ப நல்லாத் தெரியுது. நான் பாத்திரம் தேய்க்கிறேன், நீ என்னையே பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கே... சாயல, நேராத்தான் கட்டியிருக்கார். போஸ்டரை விடுடா!"

"அதை முடிச்சுட்டு ஏணியைச் சுவத்துல சாத்தினார். 'வந்தது வந்துட்டேன் ப்ரீடா, இந்த டேப்போட மறுமுனையைக் கொஞ்சம் பிடி'ன்னார். பிடிச்சேன்... ஏன் பிடிச்சேன்னா? ஒருத்தர் முனையை நீட்டினா நீ என்ன பண்ணுவே? பிடிப்பே. நானும் பிடிச்சேன். முன் ரூமை இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவர் வரைக்கும் அளந்தார். டேப்பு ஃபின்டன் கட்டிலுக்கு மேலயே போவுது. 'காலைக் கொஞ்சம் மடக்குங்க'ன்னார், இவரும் மடக்கினார்... சிரிக்காதடா. அந்த மனுஷன் புதுக் கம்பளம் விரிக்கப் போறாங்கன்னு நெனச்சுட்டார். 'பச்சையாப் போடுங்க டியர்னன், அழுக்குத் தெரியாது'ன்னார். அவரும் 'பாக்கலாம், பாக்கலாம்'னு தலையாட்டிட்டு வெளிய வந்துட்டார்."

"வாசல்ல வச்சுத்தான் எங்கிட்ட சொன்னார். முன் ரூமுக்கு நடுவுல சுவர் வைக்கப் போறாராம். வீட்டைப் படிக்கிற பசங்களுக்கு ரூம் ரூமா விடப் போறாராம். நாங்க காலி பண்ணணுமாம். எப்பன்னு கேட்டேன். 'அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், ஓட்டுச் சீட்டுல தம்பி பேருக்கு நேரா நம்பர் ஒண்ணு போட்டுடு'ன்னுட்டு வண்டில ஏறிட்டார்... ஹலோ? மாலகி, இருக்கியா?"

மறுபக்கம் யாரோ பின்னாலிருந்து சிரிக்கும் சத்தம், கார்க் கதவு சாத்தும் சத்தம். அப்புறம் மாலகி பேசத் தொடங்கினான். மெதுவாக, வாசல் வாசலாகப் பேசிப் பழகிய குரலில்.

"...ம்... ம்... சட்டப்படி டைம் குடுப்பார், தெரியும். குடுத்து என்ன பண்ண? எங்கடா போறது? இந்த ஊர்ல ஒரு வாடகை வீடு காலியானா, பாக்க வர்ற கூட்டம் தெரு முனை தாண்டி நிக்குது. அதுல நான் ஃபின்டனைக் கூட்டிக்கிட்டு எங்க நிக்க? ஒரு படி ஏற முடியுமா அவரால? அதுக்குத்தானே கட்டிலையே முன் ரூமுக்குக் கொண்டாந்தோம்... ம்... ஆமா... ம்..."

"...என்ன சொன்னே?... இல்ல, அது இல்ல, அதுக்கு முன்னாடி... செப்டம்பர் வரைக்கும் இருக்கலாமா?"

ப்ரீடா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாவு காதில் ஒட்டியது.

"செப்டம்பர்னு நான் சொல்லவே இல்லையே, மாலகி... டியர்னனும் எங்கிட்ட மாசம் சொல்லலயே... இல்லடா. குழப்பாதே. உனக்கு எப்பத் தெரியும்?... எப்பன்னு கேட்டேன்... ஈஸ்டருக்கா!"

"ஈஸ்டர் அன்னிக்கு இங்கதானேடா இருந்தே. இதே மேஜைல ஒக்காந்து ஆட்டுக்கறி தின்னே. போதுமான்னு கேட்டேன், இன்னும் ரெண்டு துண்டு வைன்னே... நான் கத்தல. கத்துறேனா நான்?... அந்த வக்கீலம்மா பசங்க எங்க தூங்குவாங்கன்னு கேக்குறப்பல்லாம், 'ரூம் தயாராயிட்டிருக்கு, கவலைப்படாதீங்க'ன்னு சொல்றியே... அது ஃபின்டன் படுத்திருக்கிற எடம்தானாடா?"

"...ஒண்ணுமில்ல ஃபின்டன்! மாலகிதான்!... சரி, சொல்றேன்!... ஹலோ. உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொல்றார். அப்புறம்... அந்தக் கம்பளம். ஊர்ல உன் பேச்சு எடுபடுமாம். டியர்னன்கிட்ட பச்சைன்னு ஒரு வார்த்தை நீ சொல்லி வைக்கணுமாம்."

ஜன்னலுக்கு வெளியே காற்று போஸ்டரை ஆட்டிப் பார்த்தது. டியர்னன் கட்டிய கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. மாலகியின் சிரிப்பு அசைந்துவிட்டு மறுபடி நேராக நின்றது.

"...ம்... ஆமா ஆமா, வேணும்னு செய்யல நீ. ஊர் நல்லா இருக்கணும்னுதான்... சரி. தேர்தல் முடியட்டும், பாக்கலாம்... நகரசபை குடுக்கிற வீடா? அதுக்கு எழுதிக் குடுத்துக் காத்திருந்தவங்க பேரப்பிள்ளை எடுத்துட்டாங்கடா... உன் வீட்லயா? எந்த ரூம்?... அது மாடியாச்சே... கீழ் ரூம்ல போஸ்டரெல்லாம் அடுக்கியிருக்கே, ஆமா... இல்ல, நான் குத்தம் சொல்லல."

"...ஓட்டா? உனக்குத்தான்டா போடுவேன். கூடப்பொறந்தவனை விட்டுட்டு யாருக்குப் போட? சீட்டுல ஒண்ணாம் நம்பர் உனக்கு. அடுத்த விருப்பம்னு ரெண்டு, மூணெல்லாம் வேற யாருக்கும் எழுத மாட்டேன்... ஆமா. சொல்லிட்டேன்ல."

ரொட்டி மாவு மேஜைமேல் வறண்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. மறுபக்கம் அவசரம் கூடிவிட்டது. யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது இவளுக்கே கேட்டது.

"என்னது?... இன்னும் நானேதான் கேக்கணுமா?... வேற யாரையாவது... பேர் குடுத்தாச்சா. ஓ... இல்ல, வர்றேன், வர மாட்டேன்னு சொல்லல... நீலக் கோட்டுதான்... முன் வரிசை, ஆமா... எழுந்து நிக்கிறேன், மைக்கை வாங்கிக்கிறேன். 'என் பேரு ப்ரீடா கெனியன்.' அது வரைக்கும் சரிடா... அதுக்கு அடுத்ததுதான் கேக்குறேன். எந்த விலாசத்தைச் சொல்ல, மாலகி?"

"...ஹலோ?... மாலகி?... ஹலோ?"

லைன் போய்விட்டது. ப்ரீடா போனை மேஜைமேல் வைத்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள், இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் அதிலிருந்த மாவைத் துடைத்தாள். முன் ரூமிலிருந்து குரல் வந்தது. அவள் சாத்திய கதவைத் திறந்தாள்.

"ஆமா ஃபின்டன், சொல்லிட்டேன்!... ம்... பச்சைதான்... பச்சைதான்னு அழுத்திச் சொல்லியிருக்கேன்."