சத்தக்கார அக்காவுக்கா அமைதிப் பட்டம்?

மேடையில் வீற்றிருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, மருத்துவர்களே, பணி உடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் செவிலியத் தோழியரே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே!

மறைந்த நம் தலைமைச் செவிலியரின் படத்துக்குக் கீழே நிர்வாகம் எழுதி வைத்திருக்கிறது: ‘அமைதியாகத் தொண்டு செய்தவர்.’ யார் அமைதி? நம் சத்தக்கார அக்காவா? “வீட்லயும் இதே சத்தந்தான் சித்தி” என்று நேற்று இந்த மகள் என்னிடம் சிரித்தாள். சிரித்து முடிக்குமுன் உடைந்துபோனாள்.

எதற்காகச் சத்தம் போட்டார்? அறுவைப் பிரிவின் மருந்துத் தட்டில் இரண்டு புட்டிகள். ஒன்று மருந்து கரைக்கும் தண்ணீர். மற்றது பொட்டாசியம், அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிற மூடி! “ரெண்டையும் பிரிச்சு வைங்க சார்” என்று அக்கா கேட்காத அதிகாரி உண்டா? கிடைத்த பதில் என்ன? “கண்ணத் திறந்து பாத்து எடுங்கம்மா!”

கண் திறந்துதான் இருந்தது ஐயா! வார்டு நிறைய நோயாளிகள். பார்ப்பதற்கு ஒரே ஒரு செவிலி. ஒருநாள் நம் தங்கை ஒருத்தி புட்டியை மாற்றி எடுத்துவிட்டாள். மேற்பார்வைக்கு வந்து, தட்டில் கிடந்த காலிப் பொட்டாசியப் புட்டியைப் பார்த்த அக்கா, கடைசிக் கட்டிலை நோக்கி அலறினார்: “ஏய், ஊசியக் கீழ போடுடி!”

அந்த நோயாளி பிழைத்தார். விசாரணை வந்தது. எதற்கு? வார்டில் கத்தியதற்கு! பிறகுதான் கேட்டார்கள்: “தப்புப் பண்ணது யாரு?”

அக்கா சொன்னார்: “யாருன்னு கேக்குறத விடுங்க சார், ஏன் நடந்துச்சுன்னு கேளுங்க. இன்னிக்கு ஒருத்தியத் தண்டிச்சா நாளைக்கு எவளும் வாயத் திறக்க மாட்டா. மறைச்சிடுவா. அப்போ சாகப்போறது நோயாளி.”

பெயர் சொல்லாததற்குப் பரிசு, துணிக்கிடங்குக்கு மாற்றல்! வார்டே உயிர் என்றிருந்தவரைப் போர்வை மடிக்க வைத்தீர்களே, அடுக்குமா? அங்கிருந்தும் சாப்பாட்டு நேரத்தில் வந்து, “இன்னும் பிரிக்கலையாடி?” என்று கேட்பார். “இல்லக்கா” என்போம். நோய் அவரைப் படுக்கையில் தள்ளும்வரை கேட்டார்.

அந்தத் தங்கை இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். யாரென்று நானும் சொல்ல மாட்டேன்!

இன்று காலையும் பார்த்தேன். இரண்டு புட்டிகளும் அதே தட்டில்தான் இருக்கின்றன. கண்காணிப்பாளர் அவர்களே, இனி உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்க மாட்டோம். கூட்டம் கலைந்ததும் பொட்டாசியத்தைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டப்போகிறோம். யார் செய்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள்! அத்தனை பேரும் கை தூக்குவோம். எழுந்திருங்கள் தோழியரே, வார்டுக்குப் போவோம்!