முப்பது பந்தும் ரெண்டு கொடியும்

இல்ல மேடம், காத்து மேல பழி போடாதீங்க. காத்து இன்னா பண்ணுச்சி பாவம்? பொறந்ததுலேந்து இந்த நூம்பல்லதான் கீறேன், கோல்ஃப் பந்த தூக்கினு போற அளவுக்கு இங்க என்னிக்கு காத்து அடிச்சிது? மொதல்ல குந்துங்க. தோ, அந்த சேரு நல்லா கீது, தைரியமா குந்துங்க. டீ சொல்லிக்கீறேன். ஆங், சக்கர கம்மியாத்தான். செலக்சன் அன்னிக்கே பாத்தேனே.

புல்லா? புல்லும் இல்ல. டென்ஷனா? ஐய, ராகேஷுக்கு டென்ஷனே வராது மேடம். பந்து எங்க போய் வுழுந்தாலும் சிரிச்சிகினே நிப்பான். நல்ல பையன், அத நான் தப்பா சொல்ல மாட்டேன்.

உங்க டேப்ல இன்னா போட்டுக்கீது? செலக்சன்ல ராகேஷு முப்பது பந்து அடிச்சான், இருவத்தாறு வெட்டுன புல்லு மேல வுழுந்துச்சி. சீசன்ல பத்துக்கு நாலு தேறல. அது எப்டின்னுதானே கேக்க வந்தீங்க? வெள்ளிக்கெழம அடுத்த வருஷ டீம் லிஸ்ட்ட முடிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். எனக்கும் அதுல ஒன்னு கீது, மறைக்க மாட்டேன். அன்னிக்கு நீங்க கழட்டி வுட்டீங்களே எழிலு, அவன் என் புள்ள. தெரியுமா? தெரிஞ்சிதான் வந்தீங்களா? சரி, நல்லது. கோவமா? சேச்சே, உங்க மேல எனக்கு இன்னா கோவம். கோவம்தான் மேடம், எட்டு மாசமா கோவம்தான்.

ராகேஷு அடிச்சா எப்டி இருக்கும்? டமார்னு. வேலப்பன்சாவடி சிக்னல்ல நிக்கறவன் திரும்பிப் பாப்பான். முன்னூத்தி இருவது யார்டு. டீம் ஓனரு எகிறி எகிறி கை தட்றாரு. என் புள்ள அடிச்சா டொக்குனு ஒரு சத்தம், எரநூத்தி அறுவத்தஞ்சி. படம் புடிக்க ஒருத்தன் போன எடுக்கல. பையன் நல்லாத்தான் அடிக்கிறான், ஆனா பாக்கறவனுக்குத் தூக்கம் வருதேன்னாரு ஓனரு. டிவில தூரம்தான் எடுபடுமாம். மஞ்சக் கோடு ஒன்னு வானத்துல பறந்துனே போவணுமாம். நேரா போறத எப்டி மேடம் காட்டுவான் டிவில? தெனம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நேரா போய்ட்டு நேரா ஊட்டுக்கு வர்றவன எவன் போட்டோ புடிக்கிறான்?

ஆனா இது டீம் ஆட்டம், உங்களுக்கு நான் சொல்லணுமா. ஜோடி ஜோடியா ஆடறது, ஜோடிக்கு ஒரே பந்து. ஒருத்தன் அடிச்சது எங்க வுழுதோ, அங்கேந்து அடுத்தவன் அடிக்கணும். ராகேஷு அடிச்சி அனுப்புவான், அவன் ஜோடி கோபி போய் முள்ளுக்குள்ள குனிவான். சீசன் முடியறதுக்குள்ள அந்தப் புள்ள கையெல்லாம் கீறலு. மூனாவது மேட்சுல வேலிகாத்தான் முள்ளுலேந்து வெளிய வரான், ஒரு கால்ல ஷூ இல்ல. உள்ளயே நின்னுடுச்சி. அந்த நேரம் பாத்து டிவிக்காரன், இந்த சீசன்லயே நீளமான அடி இதுதான்னு கத்தறான். மேட்ச்சு பூடுச்சி. டீமு கடைசி. ஆனா நீளமா அடிச்சதுக்கு தனியா ஒரு கப்பு குடுத்தாங்க பாருங்க, அதுக்கு ஓனரு ஆபீஸ்ல பூ போட்டு வெச்சிக்கீறாரு. வெள்ளிக்கெழமன்னா ஊதுபத்தி வேற.

சிரிங்க சிரிங்க. டீ வந்துட்ச்சி, எடுங்க.

என் வேல இன்னா? முன்னாடி போய் நின்னு பந்து எங்க வுழுதுன்னு பாக்கறது. இருவத்திரெண்டு வருஷம். எங்கம்மா களை புடுங்குன எடத்துலதான் இப்ப புல்லு வளத்து, அதுல பந்து பாத்துனு நிக்கறேன். ஞாயித்துக்கெழம க்ளப் மெம்பருங்க ஆட வருவாங்க. பெரிய பெரிய மனுசங்க. அடிச்சா பந்து ஒரு பக்கம் போவும், அய்யா ஒரு பக்கம் சுத்துவாரு. பந்து புதருக்குள்ள கெடந்தா மூஞ்சி தொங்கிடும். மூஞ்சி தொங்குனா அடுத்த வாரம் வேற ஆள கூப்புடுவாரு. அதனால நாங்க இன்னா பண்ணுவோம், அவரு வண்டில வந்து சேர்றதுக்குள்ள சும்மா நடக்கற மாரி போய் கால்ல ஒரு தட்டு. பந்து வெளிய வந்து சோக்கா புல்லு மேல குந்திக்கும். அய்யா, மரத்துல பட்டு திரும்பிடுச்சின்னு சொல்லுவோம். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இத்தினி வருஷத்துல எந்த மரம்டான்னு ஒரு மெம்பரு கேட்டதில்ல.

இன்னா மேடம், டீய வெச்சிட்டீங்க?

அன்னிக்கு செலக்சன் எங்க வெச்சீங்க? பதினோராம் நம்பர் குழில. நடுவுல மேடு. நீங்க குந்தினு இருந்த எடத்துலேந்து பந்து வுழுற எடம் தெரியாது. மெஷினு தூரத்த சொல்லிடும். புல்லா, புதரான்னு நான்தான் சொல்லணும். புல்லுன்னா பச்சக் கொடி, புதருன்னா செவப்பு, மேட்டுக்கு மேல தெரியற மாரி தூக்கிக் காட்டணும். ஆமா, நீங்களும் அப்புறமா வண்டில வந்து பாத்தீங்க. பந்து புல்லு மேலதான் இருந்துச்சி. நான் இல்லன்னு சொல்லலியே.

மொதல்ல எழிலு அடிச்சான். இருவத்தேழு பச்ச, மூனு செவப்பு. அவன் முடிச்சதும் என் இடுப்புல இருந்த வாக்கிடாக்கில ஒருத்தன் குரல் கேக்குது. யாருன்னு சொல்ல மாட்டேன். கொடி புடிக்கிறது அவங்கப்பன்தானே, பச்சதான் காட்டுவான்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க சிரிச்சீங்களான்னு தெரியாது, நான் மேட்டுக்கு அந்தாண்ட கீறேன். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சி. அடுத்தது ராகேஷு. மொத பந்தே புதரு. செவப்பு காட்டணும். காட்டுனா இன்னா சொல்லுவானுங்க? தன் புள்ளைக்கு பச்ச, அடுத்தவன் புள்ளைக்கு செவப்பு. கை கொடிய தூக்கவே இல்ல மேடம். காலு போயிடுச்சி. ஒரு தட்டு. அப்புறம் பச்ச.

பதினஞ்சி பந்து. இன்னும் நாலு கெணத்துப் பக்கம் பூடுச்சி, அதுக்கு என் காலு எட்டல. நியாயமான ஆளுன்னு பேரு வாங்கறதுக்கு இத்தினி திருட்டுத்தனம் பண்ணவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான். பேரும் வாங்கிட்டேன். சாயந்தரம் அதே ஆளு வந்து தோள தட்றான், சின்னசாமி, நீ நேர்மையான ஆளுயான்னு. நீங்களும் எழுதிட்டீங்க, நேரா அடிக்கிறதுல ரெண்டு பேரும் ஒன்னு, தூரத்துல ராகேஷு மேலன்னு. உங்க கணக்குல தப்பே இல்ல. தப்பு என் செருப்புல.

எழிலுக்கா? தெரியும். தண்ணி பாட்டில் எடுக்க மேட்டு மேல வந்தான், என் காலு தட்டும்போது பாத்துட்டான். பாட்டில எடுத்துனு எறங்கிப் போய்ட்டான். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா எடம் அவனுக்குத்தான். சொன்னா அப்பனுக்கு வேல பூடும்னு கம்முனு போய் பார்சல் வண்டி ஓட்டினுகீறான். ஒரே ஊட்லதான் கீறோம். எட்டு மாசமா அப்பான்னு கூப்புடல.

எழுதிக்கோங்க. கொடி புடிச்ச சின்னசாமி சொன்னான்னு பேரு போட்டே எழுதுங்க. வேல போனா போவட்டும், பூந்தமல்லில வாட்ச்மேனுக்கு ஆள் கேக்கறாங்க. ஆனா ராகேஷோட நம்பர கோடு போட்டு அடிக்கும்போது எழிலோட இருவத்தேழயும் சேத்து அடிச்சிடாதீங்க. அது அவனே அடிச்சது. நான் மனசு வெச்சிருந்தா அது இருவத்தெட்டு ஆயிருக்கும். இல்ல, போட வேணாம், சும்மா சொல்றேன். அவனோட மூனு செவப்புல ஒன்னு, புல்லுக்கு ஒரு வெரக்கட வெளியில இருந்துச்சி. சுத்தி ஒரு ஆளு இல்ல. ஊர்ல கீறவன் பந்தெல்லாம் தட்டி வுட்டவன், அத மட்டும் தட்டல மேடம்.