முட்டு வச்சாச்சா

ஒரு புல்லட்டை வீட்டில் வைத்துத் தூக்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. தரை சமமாக இருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் அணைக்க வேண்டும். ஜாக்கியின் தலையில் ஒரு பலகைத் துண்டை வைத்து, எஞ்சினுக்கு அடியில் நடுவாகப் பார்த்துக் கொடுத்து, மெல்ல அடிக்க வேண்டும். பின்சக்கரம் தரையை விட்டால் போதும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கட்டை வைத்து முட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவது முட்டு. இதை என் தங்கை மாப்பிள்ளை துரைப்பாண்டிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

என் பெயர் சங்கரசுப்பிரமணியன். சங்கரன்கோவில்காரன். பஞ்சாயத்து யூனியனில் ஜீப் டிரைவர். இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நான் அடித்ததில்லை. நான் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து, "எறங்கி நடந்தா மொதல்ல போயிரலாம் போலயே வே" என்று ஆபீசர்மார் கேலி பண்ணுவார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும்.

எழுதுகிற ஸ்டேஷன் ரைட்டர் ஐயா ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நான் சொன்னது 'ம்'. அதை 'ஆம்' என்று எழுதிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

எங்கள் அம்மா இறந்தபோது என் தங்கை பூமாரிக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். சடை பின்னக் கற்றுக்கொண்டேன். கதை சொன்னால்தான் தூங்குவாள். நரி றெக்கை கட்டிக்கொண்டு பறந்து போச்சு என்பேன். 'ம்' என்பாள். நரி பறக்காது என்று அவளுக்குத் தெரியும். 'ம்' என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம். ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை. நம் ஊரில் கதை கேட்டு வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

அவளுக்காக நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதை அவளிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதும் இல்லை. மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். துரைப்பாண்டி சிவகிரிப் பையன், இங்கே ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தான். நல்ல பையன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் பழைய புல்லட் ஒன்று வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் முற்றத்தில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். கீழே படுக்கிறவன் கேட்க வேண்டும், மேலே நிற்கிறவன் பதில் சொல்ல வேண்டும். "முட்டு வச்சாச்சா மச்சான்?" என்பான். "வச்சாச்சு மாப்ள" என்பேன். அது காதில் விழாமல் அவன் விரலைக்கூட உள்ளே விட மாட்டான். "கோயில் வாசல்ல செருப்ப விடணும்னாலும் மச்சான்ட்ட கேட்டுட்டுத்தான் விடணும் போலுக்கு" என்று பூமாரியிடம் சொல்லிச் சிரிப்பான்.

கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதை அவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். பூமாரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"ஆடித்தபசு பாத்துட்டுக் கெளம்புதோம்ணே. நீயும் லீவு கெடைக்கும்போது வந்துட்டுப் போ" என்றாள்.

வந்துட்டுப் போ. விருந்தாளியிடம் சொல்கிற வார்த்தை. ரசம் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

தபசுத் திருவிழா முடிந்தது. அவர்கள் இரண்டு பேரும் புல்லட்டிலேயே கோயம்புத்தூர் வரை போகத் திட்டம் போட்டார்கள். நடு ஸ்டாண்டின் ஆணி தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, அதை மாற்றாமல் நெடுந்தூரம் போகக் கூடாது என்று நான்தான் சொன்னேன். மூக்காண்டியின் லாரி ஷெட்டில் போய் ஜாக்கி கேட்டதும் நான்தான். "அண்ணாச்சி, இது ஆயில் கசியுது. நிக்காது, மெல்ல எறங்கும். முட்டு இல்லாம யாரையும் உள்ள கைய விட விட்ராதிய" என்று மூக்காண்டி சொன்னான். ம் என்றேன். வீட்டில் வந்து அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியைத் தூக்கினோம். துரைப்பாண்டி அவன் பக்கத்துக் கட்டையை வைத்துவிட்டு மல்லாந்து படுத்தான். என் பக்கத்துக் கட்டை சுவரோரமாக இருந்தது. எட்டினால் எடுக்கலாம். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பூமாரி பெட்டியில் சேலைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. தகரப்பெட்டி. எங்கள் அம்மாவுடையது.

"முட்டு வச்சாச்சா மச்சான்?"

"ம்" என்றேன்.

கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். அவன் கேட்டது என் காதில் விழுந்தது, அதற்கு ம் கொட்டினேன். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? என் பக்கத்து ஆணியைப் பிடிக்க, தலையையும் தோளையும் என் பக்கமாக உள்ளே நகர்த்தினான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மூக்காண்டி சொன்னது சரிதான், ஜாக்கி மெல்லத்தான் இறங்கியது. அவன் பக்கம் கட்டை தாங்கியது. என் பக்கம் தாங்க ஒன்றும் இல்லை. வண்டி என்மேல் சாய்ந்து வந்தது. கையை அழுத்திப் பிடித்திருந்தால் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். காலில் விழுந்துவிடுமோ என்று நான் விலகிக்கொண்டேன்.

சத்தம் பெரிதாக இல்லை. பாட்டு நின்றதுதான் எனக்குத் தெரிந்தது.

ஊரே வந்து எனக்கு ஆறுதல் சொன்னது. கட்டை நழுவிவிட்டது, விதி என்றார்கள். உங்கள் ஸ்டேஷனிலும் அப்படித்தான் முடித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. முற்றத்தை எத்தனை தடவை கழுவியும் அந்த இடத்தை மிதிக்கக் கால் வரவில்லை. மனசு அறுக்கிறது ஐயா, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூமாரி எங்கும் போகவில்லை. பெட்டி பழையபடி கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவள் தூங்காமல் கிடப்பதைப் பார்த்து, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நரிக் கதையைச் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடித்தேன். அவள் ஒரு தடவைகூட ம் கொட்டவில்லை.

மறுநாள் காலையில் கேட்டாள். "அன்னைக்கி அவுக முட்டு வச்சாச்சான்னு கேட்டது உள்ள எனக்குக் கேட்டுச்சு. நீ வச்சாச்சுன்னு சொன்னது கேக்கவே இல்லயேண்ணே. என்ன சொன்ன நீ?"

அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. "ம்முன்னு சொன்னேம்மா" என்றேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். சிவகிரி பஸ்ஸில் ஏறி மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை பெட்டியைத் தூக்கி வருகிறேன் என்றதற்கும் விடவில்லை. வீட்டில் இனி எனக்கு வேலை இல்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா இவ்வளவு நேரமும் குறுக்கே பேசவில்லை. இப்போதுதான் கேட்டார்.

"கட்டை சுவரோரமா கெடந்துச்சுங்கீரு. நாங்க வந்து பாக்கையில வண்டிக்கு அடியிலல்லா கெடந்துச்சு?"

நான்தான் எடுத்துப் போட்டேன் என்றேன்.

"எப்போ? அவன வெளிய இழுத்ததுக்குப் பொறவா?"

அதற்கு முன்னால், என்றேன்.

"அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

காலை உதைத்துக்கொண்டிருந்தான், என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா பேனாவைப் பிடித்திருந்த ரைட்டரை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவன் சாகட்டும்னு நெனச்சுத்தான் செஞ்சீரா வே?"

"ம்" என்றேன்.

ரைட்டர் 'ஆம்' என்று எழுதிக்கொண்டார். சரியாகத்தான் எழுதினார்.