குர்ரானா மணல்மேட்டை மூடியவர்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, தொலைவிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே,

இறந்தவர் பெயரைச் சொல்வது நம் வழக்கமில்லை; சொல்லலாம் என்று குடும்பத்தார் அனுமதி தந்ததால் சொல்கிறேன். நம் பழங்குடி மக்களில் முதல் தொல்லியல் அறிஞர், முனைவர் நோரீன் ஹார்லோ இன்று நம்மிடம் இல்லை.

அவரை அக்கா என்றழைத்து, அவரோடு நெடுங்காலம் குழி தோண்டியவன் நான். வறண்ட குர்ரானா ஏரிக்கரையில், அடிமண்ணில் மீன்முள்ளும் சிப்பியும் கிடைத்தன. மேல்மண்ணில் புல்விதை அரைக்கும் கற்கள். நம் முன்னோர் மாறாதவர்கள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதிவைத்தார்களே, அவர்களுக்கு அக்காவின் பதில் இதுதான்: “தண்ணி போச்சு, நாம போகல. புல்லை அரைச்சுத் தின்னக் கத்துக்கிட்டோம்.”

அந்த மாற்றம் எப்போது நடந்தது? அதை நிறுவத்தான் சான்று தேவைப்பட்டது. ஒரு கோடையில் காற்று கரையோர மணல்மேட்டை அரித்தது. அரைகல்லைத் தலைமாட்டில் வைத்துப் புதைத்த ஒரு பெண்ணின் எலும்புகள் வெளியே தெரிந்தன.

உடனிருந்த பேராசிரியர், ஒரு விரலெலும்பைச் சோதித்தால் காலம் தெரிந்துவிடும், இல்லையேல் இத்தனை வருட உழைப்பும் வீண் என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. அக்கா நம் மூத்தவர் ரோலி மாமாவிடம் போனார்.

“நீ படிச்சவ. உனக்கு என்ன தோணுது?” என்றார் மாமா.

“படிச்சவளாக் கேட்டா எடுக்கச் சொல்வேன் மாமா. இவ வம்சமாக் கேட்டா மூடச் சொல்வேன்.”

“அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்த?”

“தனியா மூட மனசு வரல. கூட வாங்க.”

மூடினோம். 

அதன்பின் என்ன நடந்தது? சான்று போதாது என்று அவர் கட்டுரை திரும்பி வந்தது. ஆய்வுக்கான உதவி நின்றது. சிறுநீரகம் பழுதாகி, ஏரியை விட்டு வெகுதொலைவில், நகரத்து மருத்துவமனை நாற்காலியில் ரத்தம் சுத்திகரித்தபடியே கடைசிக் காலம் கழிந்தது. பார்க்கப் போனபோது கேட்டேன், வருத்தமா அக்கா என்று.

“வருத்தம்தான். இல்லேன்னு யாரு சொன்னா?” என்றார். “ஆனா நிம்மதியாத் தூங்கறேன்.”

நம் முன்னோர் மாறினார்கள் என்று அவர் சொன்னதை உலகம் இன்னும் ஏற்கவில்லை. ஏற்றுவிட்டது என்று இங்கே பொய் சொல்லி அவரை வழியனுப்ப மாட்டேன்.

நண்பர்களே, குளிர் தணிந்ததும் கீழைக்கரையில் தோண்டத் தொடங்குகிறோம். அங்கே பழைய அடுப்புக்குழிகள் தெரிகின்றன. அடுப்புக்கரியைச் சோதித்தாலும் காலம் தெரியும்; சான்று அங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் மண்ணை அள்ளுமுன் அந்த நிலத்துக்கு உரிய மூத்தவர்களிடம் கேட்போம். வேண்டாம் என்றால், வெறுங்கையோடு திரும்பி வருவோம்.