மூணு சீட்டு விரியுறதுக்கு முன்னாடி

நாற்காலிதானே? காலியாகும் சார், காலியாகும். நாலு மணிக்கு ஒண்ணு கட்டாயம் காலியாகும், நான் சொல்றேன். அதுவரைக்கும் இந்த பெஞ்சுல உக்காருங்க. அந்தப் பை என்னோடதுதான், கொஞ்சம் தள்ளி வைங்க. நானா? நானும் ஆடுறவதான். இந்த ஆட்டத்துக்கு வந்த சீட்டு குப்பை, கவுத்துட்டு எழுந்து வந்துட்டேன். குப்பையைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?

இதுக்கு முன்னாடி எங்க ஆடியிருக்கீங்க? வீட்டுலயா? சரியாப்போச்சு. இங்க லிமிட் போக்கர் சார். இஷ்டத்துக்கு அள்ளிக் கொட்ட முடியாது. ஆளுக்கு ரெண்டு சீட்டு குடுப்பாங்க. நடுவுல மூணு சீட்டை விரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுத்து கட்டணும். முன்னாடி கட்டினவரை விட ஏத்தினா ஒரு தடவைக்கு ரெண்டே ரெண்டு டோக்கன், அதுக்கு மேல கூடாது. அதனால இங்க பாதிப் பேருக்கு ஒரு நெனப்பு. ரெண்டு டோக்கனுக்கு எவன் பயப்படுவான், ஏத்தி என்ன ஆகப்போகுது, சும்மா அடுத்தவன் கட்டினதுக்குச் சமமா ஈடு போட்டு உள்ள போவோம், மூணு சீட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு. பாத்துட்டு! பாத்துட்டு முடிவு பண்றதுக்கு நீ எதுக்குய்யா? சீட்டே சொல்லிடுமே.

அந்தச் சிவப்புச் சட்டையைப் பாருங்க. குழாய் ரிப்பேர்க்காரர். எது வந்தாலும் ஏத்துவாரு. ரெண்டும் ஏழும் வந்தாக்கூட ஏத்துவாரு. அது தைரியம் இல்ல சார், அரிப்பு. பக்கத்துல கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆனவங்க. அந்தம்மா ஒரு மத்தியானத்துக்கு ஒரு தடவை ஏத்தினா அதிகம். ஏத்தினாங்கன்னா மேஜையே கும்பிடு போட்டுட்டுச் சீட்டைக் கவுத்துடும். அப்புறம் எங்கேருந்து ஜெயிக்கிறது?

எப்ப ஏத்தணுமா? ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, ஏஸோட ராஜா, இதுக்கெல்லாம் யோசிக்கவே கூடாது. எத்தனை பேர் உள்ள இருந்தாலும் ஏத்தணும். ஓட மாட்டாங்க, ஓடவும் வேணாம். இருக்கிறவன் கூடக் கட்டிட்டு இருக்கட்டும், கையில நல்ல சீட்டு உங்ககிட்டதானே இருக்கு? சுமாரான கையா, அப்ப நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு பாக்கணும். கடைசியில பேசுற இடம்னா, நம்ம குழாய்க்காரர் குப்பையை வெச்சு ஏத்தியிருந்தாருன்னா, மேல இன்னொண்ணு ஏத்துங்க. மத்தவங்க கழண்டுக்குவாங்க. நீங்களும் அவரும் மட்டும்தான். அவ்வளவுதான் வித்தை. இதுக்குப் புஸ்தகம் படிக்கிறாங்க சார் இங்க. அட்டை போட்டு வெச்சிருக்காங்க.

இப்ப அந்த ஓரத்துல கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போடுறாரே, அவரைப் பாருங்க. கண்ணாடிக்கடைக்காரர். நாள் பூரா ஜனங்க மூக்கு மேல லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேக்குற வேலை. அந்தப் புத்தி இங்க வந்தும் போகல. போன வாரம் அவருக்கு ரெண்டு ராஜா வந்துச்சு. குழாய்க்காரரும் அன்னிக்கு வரல, வேற யாரும் ஏத்தல. இவரு என்ன பண்ணாரு? ஈடு போட்டாரு! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருத்தர் சீட்டைப் பாக்குறதுக்கு முன்னாலயே கட்டாயமா கட்டணும், அந்த ஆட்டத்துல அது டீச்சர் முறை, கையில எட்டும் மூணும். ஒரு தடவை ஏத்தியிருந்தா அந்தம்மா கவுத்திருப்பாங்க. இவரு சும்மா இருக்கவே ஓசியில உக்காந்து வேடிக்கை பாத்தாங்க. நடுவுல எட்டும் வந்து விழுந்துச்சு, மூணும் வந்து விழுந்துச்சு. ராஜா ரெண்டும் காலி. கடைசியில நேரம் சரியில்லைன்னு சொல்றாரு சார். நேரம் என்னய்யா பண்ணும், பாவம்?

ஏன் இவ்வளவு கோவப்படுறேனா? எங்க வீட்டுக்காரர் சார் அது. பத்தொன்பது வருஷம். வீடு மாத்தணும்னா பாத்துட்டு. பல்லு ஆடுது, பிடுங்குங்கன்னா பாத்துட்டு. அது தானா விழுந்துச்சு, சாப்பிடும்போது. கல்யாணப் பேச்சைக்கூட நான்தான் எடுத்தேன். நான் எடுக்கலைன்னா இன்னிக்கும் பஸ் ஸ்டாப்புல நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பாரு.

அந்தப் பையா? அஞ்சு பத்துக்கு ரயில். வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி லேபுக்கு என்னைத் தலைமையா போட்டிருக்காங்க. பதினோரு மணி நேரப் பயணம். இருபத்திரெண்டு வருஷமா ஊரார் ரத்தத்தைப் பாத்து ரிப்போர்ட்டை எவனோ கையெழுத்துப் போடக் குடுத்துக்கிட்டிருந்தேன், இனிமே நானே போடலாம். கடுதாசி வந்த அன்னிக்கே சரின்னுட்டேன். இவர்கிட்ட சொல்லி ஒரு மாசம் ஆச்சு. நல்லதுன்னாரு. கண்ணாடியைத் துடைச்சாரு. அவ்வளவுதான். வர்றேன்னும் இல்ல, வரலைன்னும் இல்ல. கடையை எங்க வேணா போடலாமே சார், எல்லா ஊர்லயும் கண்ணு இருக்கு! இன்னிக்குக் காலையில நான் பையை அடுக்குறேன், பக்கத்துல உக்காந்து என் துணியை மடிச்சுக் குடுக்கிறாரு. மடிச்சு முடிச்சுட்டு, கிளம்பு, ஆட்டத்துக்கு நேரமாச்சுங்கிறாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. இப்படி ஒரு மனுஷன் உண்டா?

நான் என்ன கேட்டேனா? நான் என்னத்தக் கேக்கணும்? வேலை கிடைச்சிருக்கு, போறேன்னு சொன்னேன்ல?

நீங்களும் வாங்கன்னு சொன்னேனா? இல்ல, அப்படிச் சொல்லல. அது அவருக்கே தெரிய வேணாமா? ஒவ்வொரு தடவையும் நானேவா? முதல்ல அவரு வாயிலேருந்து என்ன வருதுன்னு பாத்துட்டு...

பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன்.

சிரிக்காதீங்க சார். மணி என்ன, நாலா? இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க. உங்களுக்குக் காலியாகப்போறது ஒரு நாற்காலியா, ரெண்டான்னு போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்.